ஒரு வார இறுதியில் மாறிய கடை அலமாரி: கிழக்கு ஜெர்மனி, 1990 ஜூலை 1

1990 ஜூன் 30, சனிக்கிழமை. கிழக்கு பெர்லினின் அலெக்சாண்டர்பிளாட்ஸ் சதுக்கத்தில் இருட்டிய பிறகும் கூட்டம் கலையவில்லை. மேற்கு ஜெர்மன் வங்கி ஒன்று அங்கே புதிதாகக் கிளை போட்டிருந்தது. நள்ளிரவு 12 மணிக்கே கதவைத் திறப்போம் என்று சொல்லியிருந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தார்கள், கண்ணாடி உடைந்தது, சிலர் மயங்கி விழுந்தார்கள். முதலில் உள்ளே போனவர் வீடுகளுக்கு நிலக்கரி சுமக்கும் தொழிலாளி. அந்த நள்ளிரவோடு கிழக்கு மார்க் நோட்டு செல்லாமல் போனது; மேற்கு ஜெர்மனியின் மார்க்தான் இனி அங்கேயும் பணம்.

ஞாயிறு கடை விடுமுறை. திங்கட்கிழமை காலை கடை திறந்தபோது அலமாரியில் இருந்தது முழுக்க வேறு சரக்கு. வெள்ளிக்கிழமை வரை அங்கே இருந்த பால், கடுகு விழுது, சோப்புத்தூள், சிகரெட் எல்லாம் காணோம். அதே இடத்தில் மேற்கத்திய நிறுவனங்களின் பளபளப்பான டப்பாக்கள். 1 கோடியே 60 லட்சம் பேர் வாழ்ந்த ஒரு நாட்டின் சமையலறை ஒரு வார இறுதிக்குள் மாறிவிட்டது.

இந்த ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது அந்த அலமாரியைத்தான். சோஷலிசம் முடிந்த கதையைச் சொல்பவர்கள் பெர்லின் சுவர் இடிந்ததிலும் சிலை விழுந்ததிலும் நின்றுவிடுகிறார்கள். சுவர் இடிந்த மறுநாளும் மக்கள் காப்பி போட்டார்கள், பாத்திரம் கழுவினார்கள், பிள்ளையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போனார்கள். அந்த வேலைகளெல்லாம் என்ன ஆயின என்பதற்கு, கடையில் எந்தப் பொருள் இருந்தது, எது போனது, எது திரும்பி வந்தது, வந்தபோது அது யாருடையதாக இருந்தது என்று பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும்.

அதற்கு முன்னால்

கிழக்கு ஜெர்மனியில் விலைவாசி ஒரு விசித்திரமான ஏற்பாடு. காலை உணவுக்கான சின்ன ரொட்டி ஒன்று 5 பெனிக் (ஒரு மார்க்குக்கு 100 பெனிக்). பெர்லினில் நகர ரயில் டிக்கெட் 20 பெனிக். ஒரு குடும்பம் குடியிருக்கும் வீட்டின் வாடகை, மாதச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்குகூட வராது. இந்த விலைகள் பல பத்தாண்டுகள் அசையவே இல்லை. மானியம் அவற்றைத் தாங்கிப் பிடித்தது. இன்னொரு பக்கம் காப்பித்தூள் 125 கிராம் 8 மார்க் 75 பெனிக். அதாவது கிலோ 70 மார்க். சராசரி மாதச் சம்பளம் 1,300 மார்க்கை ஒட்டி இருந்த காலம் அது. வண்ணத் தொலைக்காட்சிக்கு மூன்று நான்கு மாதச் சம்பளம் வேண்டும்.

காருக்குப் பணம் இருந்தாலும் போதாது. டிராபான்ட் என்ற உள்நாட்டுக் காருக்குப் பதிவு செய்தவர்கள் பத்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்கள். பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆனதும் அவன் பெயரில் ஒரு பதிவு போட்டு வைப்பது வீட்டு வழக்கம். காத்திருக்கும் காலம் இவ்வளவு நீளம் என்பதால் ஓட்டிப் பழசான டிராபான்ட், புதிதைவிட அதிக விலைக்குப் போனது. பொருளாதாரப் பாடப்புத்தகத்தில் எழுதினால் அச்சுப்பிழை என்று நினைப்போம்.

ஆக, அங்கே பணத்தைவிட முக்கியமாக இருந்தது வேறொரு திறமை. எந்தக் கடைக்கு எந்தக் கிழமை சரக்கு வரும், யாரிடம் டைல்ஸ் இருக்கிறது, அதை யாருடைய கார் உதிரிபாகத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்ற அறிவு. கடைக்காரர் தெரிந்தவர்களுக்காகக் கல்லாவுக்குக் கீழே ஒளித்து வைத்திருக்கும் பொருளுக்கு ‘ப்யுக்வாரே’ என்று பெயர்: குனிந்து எடுக்கிற சரக்கு. வரிசையைப் பார்த்தால் முதலில் போய் நின்றுவிட வேண்டும், என்ன கொடுக்கிறார்கள் என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். தெருவில் போகிறவர் கைப்பையில் எப்போதும் மடித்த துணிப்பை ஒன்று இருக்கும். எதுவும் நடக்காவிட்டால் அரசுக்கு மனு எழுதலாம். சட்டமே அந்த உரிமையைத் தந்திருந்தது. ஒழுகும் கூரைக்கும் கிடைக்காத குழந்தைக் காலணிக்கும் மக்கள் ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் மனு எழுதினார்கள்.

காப்பி விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. 1975-ல் பிரேசிலில் உறைபனி விழுந்து காப்பித் தோட்டங்கள் கருகின. உலகச் சந்தையில் விலை பல மடங்கு ஏறியது. கிழக்கு ஜெர்மனியிடம் அதை வாங்க டாலர் இல்லை. 1977-ல் அரசு மலிவுக் காப்பி ரகத்தை நிறுத்திவிட்டு ‘காப்பி மிக்ஸ்’ என்று ஒன்றை விட்டது. 51 சதவீதம் காப்பி; மிச்சம் தானியமும் பட்டாணியும் போன்ற கலவை. காப்பி போடும் இயந்திரங்கள் அடைத்துக்கொண்டன. மக்கள் கொதித்தார்கள். சர்வாதிகாரத்தைச் சகித்துக்கொண்டவர்கள் கலப்படக் காப்பியைச் சகிக்கவில்லை. அரசு பின்வாங்கியது. அதன் பிறகு அவர்கள் கண்டுபிடித்த வழி வியட்நாம்: 1980-ல் ஒப்பந்தம் போட்டு, டாக் லாக் மலைப் பகுதியில் காப்பி பயிரிட இயந்திரமும் லாரியும் பணமும் கொடுத்தார்கள். விளைச்சலில் பாதி இருபது ஆண்டுகளுக்குக் கிழக்கு ஜெர்மனிக்கு. ஆனால் காப்பிச் செடி காய்த்துப் பலன் தரச் சில ஆண்டுகள் வேண்டும். முதல் பெரிய அறுவடைக்கு அவர்கள் குறித்து வைத்திருந்த ஆண்டு 1990.

மாற்று விகிதம்

1989 நவம்பர் 9 இரவு எல்லை திறந்தது. மேற்கே போன ஒவ்வொருவருக்கும் வரவேற்புப் பணமாக 100 மேற்கு மார்க் கொடுத்தார்கள். காப்பி, வாழைப்பழம், பிள்ளைக்கு ஒரு பொம்மை, சின்ன டேப்ரெக்கார்டர் என்று அது போனது. சில மாதங்களில் தெருக்களில் ஒரு கோஷம் கேட்டது: மேற்கு மார்க் வந்தால் இருப்போம், வராவிட்டால் நாங்கள் அதனிடம் போவோம். அப்படிப் போகவும் செய்தார்கள். 1990 மார்ச் 18 தேர்தலில், மேற்கோடு விரைவான இணைப்பைச் சொன்ன கூட்டணி ஜெயித்தது.

விகிதம்தான் சிக்கல். சம்பளம், ஓய்வூதியம், வாடகை எல்லாம் ஒன்றுக்கு ஒன்று என்று மாற்றப்பட்டன. சேமிப்பில் 14 வயது வரை உள்ளவர்களுக்கு 2,000 மார்க்கும், 59 வயது வரை 4,000 மார்க்கும், அதற்கு மேற்பட்டவர்களுக்கு 6,000 மார்க்கும் ஒன்றுக்கு ஒன்று. அதற்கு மேல் இருந்தது இரண்டுக்கு ஒன்று. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கிழக்கத்திய ஆலைகள் ஏற்றுமதியில் ஒரு மேற்கு மார்க் சம்பாதிக்க நான்கு மார்க்குக்கு மேல் செலவழித்துக்கொண்டிருந்தவை. ஒரே இரவில் அவை கூலியை மேற்கு மார்க்கில் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. தலையெடுத்துப் பழக ஒரு மாதம்கூடத் தரப்படவில்லை. ஓராண்டுக்குள் தொழில் உற்பத்தி பாதிக்கும் கீழே போனது.

மெதுவாக மாற்றியிருந்தால் பிழைத்திருக்கும் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. நான் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். எல்லை திறந்து கிடந்தது. வேலை தேடி ஆட்கள் நாள்தோறும் மேற்கே போய்க்கொண்டிருந்தார்கள். வெறும் பொருளாதார நிதானத்தைச் சொல்லி அவர்களை நிறுத்த யாராலும் முடிந்திருக்காது. ஜூலை 1 அன்றே மேற்கு ஜெர்மன் சான்சலர் ஹெல்முட் கோல் தொலைக்காட்சியில் தோன்றி, கிழக்கின் மாநிலங்கள் சீக்கிரமே பூத்துக் குலுங்கும் நிலமாக மாறும் என்று வாக்குக் கொடுத்தார். பின்னாளில் கிழக்கில் அந்தச் சொற்களைக் கேலியாகச் சொல்லாதவர் குறைவு.

கடைகளுக்கு வருவோம். அரசுக் கடைகளையும் கூட்டுறவுக் கடைகளையும் மேற்கத்திய சூப்பர்மார்க்கெட் நிறுவனங்கள் எடுத்துக்கொண்டன. அவர்களிடம் ஏற்கெனவே சரக்குப் பட்டியலும் கிடங்கும் லாரியும் இருந்தன. உள்ளூர்ப் பொருள் அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாதது அலமாரிக்கு வராது, அவ்வளவுதான். வந்தாலும் வாங்க ஆளில்லை என்பதும் உண்மை. பக்கத்துப் பண்ணையின் பாலை விட்டுவிட்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வந்த பாலை வாங்கினார்கள். கிழக்கின் விவசாயிகள் கொட்டுவதற்கு இடமில்லாத பாலோடும் விலை போகாத பன்றிகளோடும் நின்றார்கள். ஆகஸ்டில் பெர்லினில் திரண்டு போராடினார்கள்.

கிழக்கின் பொருள்களை முதலில் ஒதுக்கியவர்கள் கிழக்கத்தியர்களே. இதைச் சொன்னால் அவர்கள் மறுப்பதில்லை, கொஞ்சம் சங்கடப்படுகிறார்கள். ஆண்டுக்கணக்கில் தொலைக்காட்சி விளம்பரத்தில் மட்டும் பார்த்த டப்பா கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது, பழுப்புக் காகிதத்தில் சுற்றிய பழைய சாமானை யார் எடுப்பார்கள்?

தூக்கிப் போட்டது

அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் கிழக்கின் நகரங்களில் குப்பை மலையாகக் குவிந்தது. மேசை, நாற்காலி, வானொலிப் பெட்டி, பிளாஸ்டிக் முட்டைக் கிண்ணம். (பிளாஸ்டிக்குக்கு அங்கே ‘ப்ளாஸ்டே’ என்று பெயர். மேற்கில் ‘ப்ளாஸ்டிக்’. இந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்தே ஒருவர் எங்கே வளர்ந்தவர் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.) பத்து ஆண்டு காத்திருந்து வாங்கிய டிராபான்ட்டைத் தெரு ஓரத்தில் நம்பர் பிளேட்டைக் கழற்றிக்கொண்டு விட்டுப் போனார்கள். அதன் வெளிப்புறத் தகடுகள் இரும்பில்லை. பருத்திக் கழிவையும் பிசினையும் சேர்த்து அழுத்திச் செய்த பொருள். துருவும் பிடிக்காது, எளிதில் மக்கவும் மக்காது. 1991 ஏப்ரல் 30 அன்று ஸ்விக்காவ் ஆலையில் கடைசி டிராபான்ட் வெளிவந்தது. மொத்தம் 30 லட்சத்துக்கும் மேல் செய்திருந்தார்கள்.

செல்லாத பணத்தையும் எங்காவது போட்டாக வேண்டுமே. ஹால்பர்ஷ்டாட் ஊருக்குப் பக்கத்தில், நாஜிக் காலத்தில் கைதிகளைக் கொண்டு தோண்டிய சுரங்கம் ஒன்று இருந்தது. சுமார் 3,000 டன் நோட்டுகளை அதற்குள் கொட்டி, கல்லும் மண்ணும் போட்டு மூடினார்கள். தானாக மக்கிவிடும் என்பது கணக்கு. மக்கவில்லை. 2001-ல் இளைஞர்கள் இருவர் உள்ளே புகுந்து மூட்டையாக அள்ளினார்கள். அதில் 200 மார்க், 500 மார்க் நோட்டுகளும் இருந்தன; அச்சடித்து வைத்திருந்து ஒருபோதும் புழக்கத்துக்கு விடாதவை. நாணயச் சேகரிப்பாளர்கள் சந்தையில் அவை தலைகாட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது. 2002-ல் மிச்சத்தை எல்லாம் வெளியே எடுத்து எரித்தார்கள்.

ஆலைகளின் கதையும் தூக்கிப் போட்டதில்தான் சேரும். அரசின் சுமார் 8,500 நிறுவனங்களும் அவற்றில் வேலை செய்த 40 லட்சம் பேரும் ‘ட்ராய்ஹாண்ட்’ என்ற ஒரே அமைப்பின் கையில் ஒப்படைக்கப்பட்டார்கள். விற்கலாம், திருத்தலாம், மூடலாம். அதன் தலைவர் டெட்லெவ் ரோவெடர் 1991 ஏப்ரல் 1 அன்று தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் பிர்கிட் ப்ராயல் வந்து விற்பனையை வேகப்படுத்தினார். 1994 இறுதியில் அமைப்பை மூடும்போது லாபத்துக்குப் பதிலாக 20,000 கோடி மார்க்குக்கு மேல் கடன் நின்றது. விற்றவற்றில் ஏறத்தாழ 85 சதவீதம் மேற்கு ஜெர்மானியர் கைக்குப் போனது. கிழக்கத்தியருக்குக் கிடைத்தது அதில் துண்டு. அவர்களிடம் முதலீடு எங்கே இருக்கும்? ஜூலை 1 கணக்குப்படி ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பு ஒரு நல்ல கார் விலை.

ஆலை மூடினால் சம்பளம் மட்டும் போகவில்லை. குழந்தைக் காப்பகம் ஆலையுடையது. மருத்துவர், மதிய உணவு, பால்டிக் கடற்கரையில் கோடை விடுமுறைக்கு ஓர் அறை, ஞாயிற்றுக்கிழமை பாட்டுக் குழு எல்லாம் ஆலையுடையவை. ஒவ்வொரு வேலைக் குழுவும் ஒரு நாட்குறிப்பு வைத்திருந்தது. யார் பிறந்தநாள், எங்கே சுற்றுலா போனோம், யார் குழந்தை பெற்றார்கள் என்று புகைப்படம் ஒட்டி எழுதுவார்கள். ஆளும் கட்சி சொன்னதால் எழுதியதுதான், ஆனாலும் அதிலிருந்த புகைப்படங்கள் நிஜம். 1991 வசந்தத்தில், வேலை நேரம் குறைக்கப்பட்டுப் பாதிச் சம்பளத்தில் அல்லது வேலையே இல்லாமல் பெயரளவில் ஆலையில் இருந்தவர்கள் மட்டும் 20 லட்சம் பேர்.

இதன் நடுக்கம் ஒரு புள்ளிவிவரத்தில் அப்படியே பதிவாகியிருக்கிறது. 1994-ல் கிழக்கில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறந்த குழந்தைகள் 0.77. போரில்லாத காலத்தில் இவ்வளவு தாழ்ந்ததைக் காண்பது அரிது. கிட்டத்தட்ட எல்லாப் பெண்களும் வேலைக்குப் போன நாடு அது. காப்பகம் இருக்குமா, வேலை இருக்குமா, குடியிருக்கும் வீடு பழைய சொந்தக்காரரிடம் திரும்பிப் போகுமா என்று தெரியாதபோது பிள்ளை பெறுவதை மக்கள் தள்ளிப்போட்டார்கள்.

திரும்பி வந்தது

சுமார் 1992 முதல் காற்று கொஞ்சம் திரும்பியது. பெர்லினில் தயாரான கிளப் கோலா என்ற பழைய பானம் மீண்டும் விற்பனைக்கு வந்தபோது அதன் விளம்பர வாசகம்: ஹுர்ரே, நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன்! அதைப் படித்தவர்கள் தங்களைப் பற்றி எழுதியதாகவே எடுத்துக்கொண்டார்கள் என்று ஊகிக்கலாம்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தன. ஷ்ப்ரேவால்ட் சதுப்பு நிலத்தின் வெள்ளரிப்பிஞ்சு ஊறல், 1999-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடும் பெற்றது. பாட்ஸன் ஊரின் கடுகு விழுது. ‘ஷ்பே’ சோப்புத்தூள். வீட்டா கோலா, கிழக்கின் துரிங்கியா மாநிலத்தில் கோக்ககோலாவையே முந்தி விற்கிறது. சில வீட்டில் ருசிக்காக வாங்கினார்கள். சிலர் தங்கள் ஊர் ஆலையில் இன்னும் பத்துப் பேருக்கு வேலை இருக்கட்டும் என்று வாங்கினார்கள். சிலருக்கு மேற்கத்திய டப்பாவைத் திறந்து பார்த்தபோது உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை என்று பட்டிருந்தது. அதுவும் ஒரு காரணம்தான்.

டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் படித்தால்தான் கதை தெரியும். ஷ்பே, மேற்கின் டஸ்ஸல்டார்ஃப் நகரத்து ஹென்கெல் நிறுவனத்துடையது. பாட்ஸன் கடுகு, மேற்கிலேயே மியூனிக் பக்கத்து டெவலே நிறுவனத்துடையது. கிழக்கின் சிகரெட் எஃப் 6, அமெரிக்காவின் ஃபிலிப் மோரிஸ் கையில். தாங்களே குப்பையில் போட்டதை ஓரிரு ஆண்டுகளில் திரும்ப வாங்கினார்கள். ஆனால் வாங்கிய காசு போய்ச் சேர்ந்த இடம் வேறு.

விதிவிலக்கு ஒன்று உண்டு, அதைச் சொல்லும்போது கிழக்கில் முகம் மலரும். ஃப்ரைபுர்க் என்ற சின்ன ஊரில் ரோட்கேப்ஷென் என்ற நுரைக்கும் ஒயின் ஆலை. சிவப்புத் தொப்பி என்று பொருள். பாட்டி வீட்டுக்குப் போகும் கதைச் சிறுமியின் பெயரும் அதுதான். கல்யாணம், பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் அங்கே அந்தப் புட்டிதான் திறப்பார்கள். 1980-களின் இறுதியில் ஆண்டுக்கு ஒன்றரைக் கோடிப் புட்டி விற்றது, 1991-ல் 30 லட்சத்துக்கும் கீழே விழுந்தது. 1993-ல் ஆலையின் மேலாளர்களே, வெளியிலிருந்து ஒரு முதலீட்டாளரைச் சேர்த்துக்கொண்டு, அதை வாங்கினார்கள். 2002-ல் மேற்கின் பெயர்பெற்ற மும் ஒயின் நிறுவனத்தை அவர்களே வாங்கிவிட்டார்கள். கிழக்கு மேற்கை வாங்கியது! பத்திரிகைகள் இதைத் திரும்பத் திரும்ப எழுதின. எண்ணிச் சொல்ல இப்படி ஓரிரண்டு கதைகளே இருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

தொப்பி போட்ட மனிதன்

கடையில் விற்காத ஒரு பொருளையும் இங்கே சேர்க்கிறேன். சாலை கடக்கும் விளக்கில் வரும் சின்ன உருவம்.

1961-ல் போக்குவரத்து உளவியலாளர் கார்ல் பெக்லாவ் நடப்பவர்களுக்கான விளக்குக்கு உருவம் ஒன்றை முன்மொழிந்தார். வெறும் நிற வட்டத்தை நிறக்குருடு உள்ளவர்கள் பிரித்தறிய முடியாது. குழந்தைகளும் முதியவர்களும் உருவத்தை எளிதில் புரிந்துகொள்வார்கள். ஆகவே சிவப்பு மனிதன் கை விரித்து வழி மறிப்பான், பச்சை மனிதன் வீச்சாக நடப்பான். தலையில் ஒரு தொப்பி, சற்றுப் பருத்த உடல். பருமன் அழகுக்கு வைத்ததில்லை, வெளிச்சம் விழும் பரப்பு அதிகமாக வேண்டும் என்பதற்கு. ஒல்லியான மேற்கத்திய உருவத்தைவிட அவன் தூரத்திலிருந்தே தெரிவான்.

இணைப்புக்குப் பின் விதிமுறையை ஒன்றாக்கும் பெயரில் அவனையும் கழற்றத் தொடங்கினார்கள். 1990-களின் நடுவில் மேற்கின் ட்யூபிங்கன் ஊரைச் சேர்ந்த வடிவமைப்பாளர் மார்குஸ் ஹெக்ஹவ்ஸன், கழற்றி வீசிய கண்ணாடிகளை வாங்கி அலங்கார விளக்குகள் செய்தார். செய்தி பரவியது. அவனைக் காப்பாற்ற ஒரு குழுவே உருவானது. 1997-ல் அதிகாரிகள் இறங்கி வந்தார்கள். 2005 முதல் மேற்கு பெர்லின் தெருக்களிலும் அவன் நடக்கிறான். இன்று பெர்லினுக்குப் போய் வருபவர்கள் வாங்கிவரும் சாவிக்கொத்திலும் கோப்பையிலும் இருப்பவன் அவனே. காப்பாற்றிக் கடை போட்டவர் மேற்கத்தியர் என்பதை ஒரு குறையாகச் சொல்ல மாட்டேன். குப்பையிலிருந்து எடுத்தவர் அவர்தானே. இருந்தாலும் கடுகுப் புட்டியில் பார்த்த வழியே இங்கேயும்.

சத்தமில்லாமல் நடந்த இன்னொன்றும் உண்டு. சிவப்பு விளக்கிலும் பார்த்து வலப்பக்கம் திரும்பலாம் என்று சொல்லும் பச்சை அம்புப் பலகை. கிழக்கில் 1978 முதல் இருந்தது. 1994-ல் ஜெர்மனி முழுக்க அதை ஏற்றுக்கொண்டார்கள். கிழக்கின் சட்டத்திலிருந்து மேற்கு எடுத்துக்கொண்டது என்ன என்று யாராவது கேட்டால், அரையும் குறையுமான சிரிப்போடு இந்த அம்பைக் காட்டுவார்கள்.

ஏக்கமா?

இந்தத் திரும்புதலுக்கு ‘ஓஸ்டால்கி’ என்று பெயர் வந்தது. கிழக்கைக் குறிக்கும் ஓஸ்ட் என்ற சொல்லையும் நாஸ்டால்ஜியாவையும் ஒட்டியது. மேற்கில் இதைச் சொல்லும்போது ஒரு சந்தேகம் தொனிக்கும்: பழைய ஆட்சி வேண்டுமாமோ இவர்களுக்கு?

அப்படிப் படிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கார்ல் மார்க்ஸ் ஷ்டாட் நகரத்தில் 1990-ல் வாக்கெடுப்பு நடத்தினார்கள். 76 சதவீதம் பேர் பழைய பெயரான கெம்னிட்ஸ் வேண்டும் என்றார்கள். மார்க்ஸ் பெயர் போனது. ஆனால் நகர் நடுவே பீடத்தில் நிற்கும் ஏழு மீட்டர் உயர மார்க்ஸ் தலையை வைத்துக்கொண்டார்கள். உள்ளூரில் அதற்கு ‘நிஷெல்’ என்று பெயர். நம் பேச்சில் மண்டை என்று சொல்லலாம். மண்டையடியில் சந்திப்போம் என்பார்கள். கொள்கைக்கு விடை கொடுத்துவிட்டு ஊரின் அடையாளத்தை வைத்துக்கொண்டவர்களை, பழைய ஆட்சிக்கு ஏங்குகிறார்கள் என்று எப்படிச் சொல்வது?

ஸ்டாஸி ரகசியப் போலீஸின் கோப்புகளை 1992 ஜனவரி முதல் பார்க்கவும் அனுமதித்தார்கள். அடுக்கினால் 111 கிலோமீட்டர் நீளம். தங்களைப் பற்றி யார் எழுதிக் கொடுத்தது என்று தெரிந்துகொள்ள லட்சக்கணக்கானோர் விண்ணப்பித்தார்கள். சிலர் கோப்பில் நண்பரைக் கண்டார்கள், சிலர் கணவரையே கண்டார்கள். அந்தக் கோப்பைப் படித்துவிட்டு வந்தவரும் மாலையில் ரோட்கேப்ஷென் வாங்கியிருப்பார். இரண்டும் ஒரே ஆள் செய்கிற காரியம்தான். அந்த ஆட்சி கெட்டது என்பதும், அதற்குள் தான் நாற்பது ஆண்டு ஒழுங்காகப் பாத்திரம் கழுவிப் பிள்ளை வளர்த்தேன் என்பதும் அவருக்கு முரணாகத் தோன்றவில்லை. எல்லாம் தெரிந்தவராக வந்து பாடம் நடத்திய மேற்கத்தியருக்குத்தான் முரணாகத் தெரிந்தது. அப்படிப்பட்டவரைக் குறிக்கும் ‘பெஸ்ஸர்வெஸ்ஸி’ என்ற கேலிச்சொல் 1991-ன் ஆண்டுச் சொல்லாகத் தேர்வானது.

பதினான்கு வயதில் பிள்ளைகளைப் பெரியவர்களாக ஏற்கும் ‘யூகெண்ட்வைஹே’ விழாவைப் பாருங்கள். தேவாலயத்துக்குப் போட்டியாகக் கட்சி வளர்த்தது அது. பிள்ளைகள் மேடையேறி சோஷலிச அரசுக்கு உறுதிமொழி சொல்ல வேண்டும். கட்சி போனதும் விழாவும் போய்விடும் என்று நினைத்தார்கள். உறுதிமொழி மட்டும் போனது. புது உடை, மேடை, பூங்கொத்து, மதிய விருந்து, அத்தை மாமா கொடுக்கும் பணக் கவர் எல்லாம் இன்றைக்கும் நடக்கின்றன.

இந்த நிகழ்வை வைத்து மற்ற நாடுகளை அளக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கிழக்கு ஜெர்மானியருக்குப் பக்கத்திலேயே ஒரு பணக்கார உடன்பிறப்பு இருந்தது. ஓய்வூதியம் தவறாமல் வந்தது. ரஷ்யாவில் 1992 ஜனவரியில் விலைகளை அவிழ்த்துவிட்டபோது அந்த ஓராண்டில் பணவீக்கம் 2,500 சதவீதத்தைத் தொட்டது. அங்கே அலமாரி நிறைந்தது, வாங்கத்தான் கையில் காசில்லை. மக்கள் மெட்ரோ வாசலில் நின்று வீட்டுச் சாமானை விற்றார்கள், தோட்ட நிலத்தில் உருளைக்கிழங்கு போட்டுக் குளிர்காலத்தைத் தாண்டினார்கள். அங்கிருந்து பார்த்தால் கடுகுப் புட்டியின் உரிமையாளர் யார் என்ற கவலை ஆடம்பரமாகத் தெரியும்.

போலந்து எல்லையை ஒட்டிய ஐசன்ஹுட்டன்ஷ்டாட் நகரத்தில், எஃகு ஆலைக்காகவே 1950-களில் கட்டிய ஊரில், மூடிப்போன ஒரு குழந்தைக் காப்பகத்தில் 1993 முதல் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அன்றாடப் பொருள்களுக்கானது. மக்களே பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்கள்: முட்டைக் கிண்ணம், பள்ளிப் புத்தகம், சோப்பு உறை, வேலைக் குழுவின் நாட்குறிப்பு. இப்போது ஒரு லட்சத்துக்கும் மேல். விற்கவும் மனமில்லை, எறியவும் மனமில்லை என்பவர்களுக்கு அது மூன்றாவது வழியாக இருந்தது. ஊரின் மக்கள்தொகை 50,000-க்கு மேலிருந்து பாதிக்கும் கீழே வந்துவிட்டது.

பட்டியலில் வராதவர்கள்

கிழக்கு என்று சொல்லும்போது யாரைச் சேர்க்கிறோம் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. 1989-ல் அங்கே சுமார் 60,000 வியட்நாமியர் ஒப்பந்தத் தொழிலாளர்களாக இருந்தார்கள். துணி ஆலை, காலணி ஆலை, இயந்திர ஆலை. விடுதியில் ஒரு ஆளுக்கு ஐந்து சதுர மீட்டர் இடம். சம்பளத்தில் 12 சதவீதத்தை அவர்களுடைய அரசு எடுத்துக்கொண்டது. பெண் கருவுற்றால், 1989 வரை, ஒன்று கலைக்க வேண்டும், இல்லாவிட்டால் நாடு திரும்ப வேண்டும். இரவில் விடுதியில் ஜீன்ஸ் தைத்து உள்ளூர்க்காரர்களுக்கு விற்றார்கள்; கடையில் கிடைக்காத ஜீன்ஸ் அது. சேர்த்த காசில் சிம்ஸன் மொபெட், சைக்கிள், தையல் இயந்திரம், சர்க்கரை, சோப்பு வாங்கி மரப்பெட்டியில் அடைத்து ஊருக்கு அனுப்பினார்கள். ஜெர்மானியர் அலுத்துப்போன சரக்கு ஹனோயில் செல்வம்.

ஆலைகள் சரியத் தொடங்கியதும் முதலில் வெளியே போனவர்கள் இவர்கள்தான். 3,000 மார்க்கும் விமான டிக்கெட்டும் கொடுத்துப் போகச் சொன்னார்கள். பெரும்பாலோர் போனார்கள். தங்கியவர்கள் ரயில் நிலைய வாசலில் பூ விற்றார்கள், துணி விற்றார்கள், சிலர் வரி கட்டாத சிகரெட் விற்றார்கள். 1991 செப்டம்பரில் ஹோயர்ஸ்வெர்டாவில் ஒப்பந்தத் தொழிலாளர் விடுதியைக் கும்பல் தாக்கியது. 1992 ஆகஸ்டில் ரோஸ்டாக் நகரின் லிஷ்டென்ஹாகனில், நூறுக்கும் மேற்பட்ட வியட்நாமியர் உள்ளே இருக்கும்போதே கட்டடத்துக்குத் தீ வைத்தார்கள். வெளியே திரண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள். உள்ளே இருந்தவர்கள் கூரை வழியாகத் தப்பினார்கள். 1993-ல்தான் தங்கும் உரிமைக்கு நிபந்தனைகளோடு ஒரு வழி பிறந்தது. கடுகுப் புட்டிக்கும் விளக்கு மனிதனுக்கும் உருகிய ஓஸ்டால்கி விழாக்களில் இவர்களைக் காண முடியாது. அதே ஆலையில் அதே இயந்திரத்தில் வேலை பார்த்தவர்கள் இவர்கள்.

டாக் லாக்கில் நட்ட செடிகள் காய்த்தபோது வாங்குவதாக ஒப்பந்தம் போட்ட நாடு வரைபடத்தில் இல்லை. வியட்நாம் அந்தக் காப்பியை உலகச் சந்தையில் விற்றது. இன்று பிரேசிலுக்கு அடுத்த பெரிய காப்பி உற்பத்தி நாடு அதுதான். கிழக்கு பெர்லினின் லிஷ்டென்பெர்கில் மின் கருவிகளுக்கான கரிப் பொருள்கள் செய்த பழைய அரசு ஆலையின் மனையில் 2005-ல் டோங் சுவான் சந்தை திறந்தது. நீள நீளமான கூடங்கள்; நகப்பூச்சு, பிளாஸ்டிக் பூ, மீன் சாஸ், முடி திருத்தும் கடை, ஃபோ சூப். சந்தையை ஆரம்பித்தவர் வியட்நாமியர். மளிகைக் கூடத்தில் காப்பிப் பொட்டலங்கள் அடுக்கியிருக்கும். காப்பி மட்டும்தான், பட்டாணி கிடையாது.